உள்ளே ஒருவர்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய மாடிவீடு ஒன்றை அலுவலகமாக மாற்றியிருந்தார்கள். மலர்க்கொடி அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டராகச் சேர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வார நாட்களில் திருவானைக்காவலில் ஒரு விடுதியில் தங்கினாள். நான்கு வயது மகள் துறையூரில், அம்மா வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தாள்.

பெண்கள் விடுதிகளுக்கான கதவுப் பூட்டுச் செயலியை அந்த நிறுவனம் தயாரித்தது. பாஸ்வேர்டு அடித்து முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். உள்ளே போனது யார், வெளியே வந்தது யார் என்று குறித்துக்கொள்ளும். அதைச் சோதிக்க ஆள் தேவையில்லை. எங்கோ ஒரு கிளவுட் கணினியில் ஓடும் புரோகிராம், மணிக்கு ஒருமுறை, ஒரு டெஸ்ட் அக்கவுண்ட்டின் பெயரில், அதில் பதிந்துவைத்த முகத்தோடு நுழைந்து பார்க்கும். சரியாக நடந்தால் பச்சை, தவறினால் சிவப்பு என்று திரையில் காட்டும். மாடியின் கடைசியில் இருந்த ஜன்னலில்லாத அறையின் கதவில் நிஜப் பூட்டையே பொருத்தி அதோடு இணைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பூட்டு தானாகத் திறக்கும். டக். யாரும் நுழையமாட்டார்கள். மறுபடி மூடிக்கொள்ளும்.

முதல் நாளே மலர்க்கொடி கவனித்தாள். அறை காலியாக இருக்கும்போதும் கதவருகே இருந்த சிறு திரையில், 'உள்ளே: 1' என்றே இருந்தது.

"அது பழைய கோளாறுங்க. கண்டுக்காதீங்க" என்றார் ஜெயக்குமார். அவர்தான் அவளுக்கு மேலே இருந்தவர்.

டெஸ்ட் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு ஒரு மஞ்சள் தாளில் எழுதப்பட்டு அவளுடைய மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. சிறிய, சாய்ந்த கையெழுத்து. பெயர்: ரோசரி.

"யார் சார் இது?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க. இதே சீட்டுதான்." அவர் மஞ்சள் தாளின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். "ஆடி மாசம் ஒரு நாள், மூணு மணி டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்பினாங்க. எப்பவும் நெத்தியில கோடாலித் தைலம் தடவிக்கிட்டுத்தான் இருப்பாங்க. அன்னிக்கு வீடு போய்ச் சேரல. பஸ்ஸிலேயே..."

"இறந்தவங்க முகத்தை வச்சா சார் இன்னும் டெஸ்ட் ஓடுது?"

"மாத்தினா எல்லாம் செவப்பாயிடும்ங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டாச்சு."

வெள்ளிக்கிழமை மதியம் அவரே வந்து நின்றார். திங்கட்கிழமை வெளியாட்கள் தணிக்கைக்கு வருகிறார்களாம். நிஜ ஆளின் பெயரில் டெஸ்ட் அக்கவுண்ட் இருக்கக் கூடாதாம்.

"ரோசரியை எடுத்துடுங்க. டம்மியா ஒண்ணு போட்டு விடுங்க. நான் கீழே போய் டீ சாப்பிட்டு வரேன். பச்சையானதும் நீங்க பஸ்ஸைப் பிடிங்க."

டம்மி முகத்தைச் செயலி ஏற்கவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டது. கண் சிமிட்டும் உயிருள்ள முகம் வேண்டுமென்றது. மணி மூன்றாகப் பத்து நிமிடம். ரோசரியும் இப்படித்தான் தன் முகத்தைக் கொடுத்திருப்பாள் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை மாற்றிவிடலாம் என்று நினைத்து, மலர்க்கொடி கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். தன் பெயரை அடித்தாள்.

புரோகிராமைத் திறந்து பார்த்தபோது, வெளியே வரும் பகுதியை யாரோ நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இங்கே எப்போதும் சிவப்பாகிறது. இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். ஜெ.' தேதி, ஆடி மாதத்தில் ஒன்று.

அன்றிலிருந்து ரோசரி மணிக்கு ஒருமுறை உள்ளே போயிருக்கிறாள். ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

அந்தப் பகுதியை மலர்க்கொடி மறுபடி ஓடவிட்டாள். பிறகு ரோசரியின் அக்கவுண்ட்டை அழித்தாள். உறுதியா என்று திரை கேட்டது. உறுதி என்று அழுத்தினாள்.

மணி மூன்று. டக்.

மலர்க்கொடி உள்ளே சென்றார், என்றது திரை. வெளியே சென்றார் என்ற அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். வெளியே வரவில்லை. பூட்டின் நாக்கு சிக்கியிருக்குமோ என்று எழுந்து போனாள். கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. அறை குளிர்ந்திருந்தது. எங்கிருந்தோ கோடாலித் தைலத்தின் வாசனை.

அவள் தோளை ஏதோ உரசிக்கொண்டு போனது.

டக்.

கதவு மூடிக்கொண்டது. உட்பக்கச் சுவரில் இருந்த திரை ஒளிர்ந்தது.

'வெளியே சென்றவர்: மலர்க்கொடி.'

'உள்ளே இருப்பவர்: ரோசரி.'

அவள் பாஸ்வேர்டை அடித்தாள். விரல் தவறியது, மறுபடி அடித்தாள். முகத்தைக் காட்டினாள்.

'இந்த முகத்துக்கு அக்கவுண்ட் இல்லை.'

கதவின் நடுவே கையகலக் கண்ணாடி. அதன் வழியே அவளுடைய இருக்கை தெரிந்தது. அங்கே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தோளில் பச்சைத் துப்பட்டா.

மலர்க்கொடி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். துப்பட்டா இல்லை.

கதவை அறைந்தாள். கத்தினாள். கை வலித்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஜெயக்குமார் டீயை முடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"என்னங்க, பச்சையாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்." அது மலர்க்கொடியின் குரல்.

"அட, வெளிய வர்றதும் பச்சையா இருக்கு! மந்திரம் கிந்திரம் போட்டீங்களா?" அவர் சிரித்தார். பிறகு கதவருகே வந்து குனிந்தார். "உள்ளே ஒண்ணுன்னு இன்னும் காட்டுதே?"

அவர் முகத்தைக் காட்டிக் கதவைத் திறந்தார். மலர்க்கொடி பாய்ந்தாள். வாசல் வரை கால் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவருடைய மூச்சுக்காற்று முகத்தில் பட்டது. அவர் அவளுக்கு ஊடாகச் சுவரைப் பார்த்தார்.

"காலியாத்தான் இருக்கு. இந்தத் தைல வாடை மட்டும் போக மாட்டேங்குது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசனை தன் நெற்றியிலிருந்து வந்தது.

"அது பழைய கோளாறு சார்" என்றது இருக்கையிலிருந்து அந்தக் குரல். "கண்டுக்காதீங்க."

ஜெயக்குமார் விளக்கை அணைத்துவிட்டுக் கதவை மூடினார்.

வெளியே, அவளுடைய மேசைமேல் கைப்பேசி ஒலித்தது. அந்த நேரத்தில் கூப்பிடுவது யாரென்று மலர்க்கொடிக்குத் தெரியும். கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள்.

பச்சைத் துப்பட்டாக்காரி போனை எடுத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மானிட்டரிலிருந்த மஞ்சள் தாளைக் கிழித்துக் கசக்கினாள்.

"கிளம்பிட்டேன்டி தங்கம்" என்றாள். "பாட்டியை வாசல் லைட்டைப் போட்டு வைக்கச் சொல்லு. வந்துட்டே இருக்கேன்."

படிக்கட்டில் காலடிகள் இறங்கிப் போயின.

நான்கு மணிக்குப் பூட்டு திறந்தது. டக். யாரும் வரவில்லை. மறுபடி மூடிக்கொண்டது. கதவருகே திரையில் ஒரே ஒரு வரி மினுங்கியது.

'உள்ளே: 1.'