பிக்கப் நின்ற இடம்

எலிக்கூட்டில் பஞ்சு இல்லை.

பழைய பிக்கப் வண்டி என்றால் எலிக்கூடு இருக்கத்தான் செய்யும். சீட்டைக் குதறிப் பஞ்சைப் பிடுங்கி, டாஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஹீட்டர் பெட்டிக்குள் எலிகள் சொகுசாக வீடு கட்டிவிடும். ஆனால் ஆர்லிஸ் திருகாணிகளைக் கழற்றி வெளியே இழுத்த கூடு முழுக்க முழுக்க மயிர். நீளமான, செம்பட்டை மயிர். எலி மூத்திர வாடைகூட இல்லை. சூரியனே படாத ஈர மண்ணின் வாடை அடித்தது.

கையுறையைக் கழற்றினாள். ஒரு இழையை உருவி, தன் தலைமயிரோடு சேர்த்து விளக்கருகே பிடித்தாள். நரைக்காத இடத்தில் இரண்டும் ஒரே நிறம்.

பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டரால் வண்டியை அன்று காலையில்தான் ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தாள். பண்ணைக்கு வடக்கே, காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்குள்தான் இத்தனை வருடமும் அது கிடந்தது. அங்கே கிடந்த மற்ற இரும்பையெல்லாம் காயலான் கடைக்குத் தள்ளிவிட்ட அவள் அண்ணன் வெர்டெல், இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அப்பாவின் ஞாபகம் போலும் என்று நினைத்துக்கொண்டாள். அவனுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு வண்டியை ஓடவைத்து, சாவியை அவன் கையில் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது அம்மா யாரோ ஒரு விதை வியாபாரியோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் தலை பின்னி ஆர்லிஸைப் பள்ளிக்கு அனுப்பியது வெர்டெல்தான். அம்மாவை வெறுக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான்.

விளக்கைத் தாழ்த்தினாள். பெடலுக்கு அடியில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் விளிம்பு நெடுக அதே செம்பட்டை இழைகள் சிக்கியிருந்தன. அப்படியானால் எலிகள் இதை வண்டிக்குள்ளிருந்து எடுக்கவில்லை. கீழேயிருந்து கொண்டுவந்திருக்கின்றன.

மாலையிலேயே இருட்டிவிடும் நவம்பர். மரவரிசைப் பக்கமிருந்து ஏதோ இழுபடும் சத்தம் வந்தது. காற்றாக இருக்கும். காற்று நின்றது. சத்தம் நிற்கவில்லை.

கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த வெர்டெல், உருளைக்கிழங்கு ரொட்டிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூட்ஸிலிருந்த பனியை உதறினான்.

"வீட்ல அடுப்பே மூட்டல போலிருக்கு. இந்த வயசுல மெக்கானிக் வேல பழகறியா? பட்டினி போட்டே கொன்னுடுவ நீ..."

பிக்கப்பைப் பார்த்தான்.

"இத யாரு எடுக்கச் சொன்னா?"

"உனக்குத்தான் அண்ணா. பொறந்தநாளுக்கு."

"அடியில பலகைங்க இருந்துச்சே. அதுங்க?"

சக்கரம் மண்ணில் புதையாமலிருக்கப் போட்ட பலகைகள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "இழுக்கறப்போ ரெண்டு பேந்துக்கிச்சு. அதுக்கென்ன?"

வெர்டெல் போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். ஆர்லிஸ் மயிர்க்கற்றையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது யாரோடது?"

அவன் ரொட்டிப் பொட்டலத்தை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"அம்மா பஸ் ஏறல, ஆர்லிஸ். அங்க பழைய கிணறு ஒண்ணு இருந்துச்சு. அப்பாதான் தள்ளினாரு. நான் பலகை மட்டும் போட்டேன். அப்புறம் வண்டிய அது மேல கொண்டுபோய் நிறுத்தினோம்."

"விழுந்ததுமே போயிட்டாளா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்ல. உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. உனக்குக் கேட்டுடும்னு அப்பா பயந்தாரு. நான் போயி, குனிஞ்சு சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"நீ செத்துட்டேன்னு. காய்ச்சல்ல போயிட்டேன்னு. அதோட கூப்பிடறத நிறுத்திட்டா."

அவன் விரல்களையே பார்த்தாள். தினமும் தன் தலையைப் பின்னிய விரல்கள். அவள் எத்தனை முறை முத்தமிட்டிருக்கிறாள் அவற்றை. அம்மா தன்னை விட்டுப் போனாள் என்று அழுதபோதெல்லாம் கண்ணீரைத் துடைத்ததும் அவைதான்.

வெளியே பனி நொறுங்கியது. ஓர் அடி.

நின்றது.

இன்னோர் அடி.

"விளக்க அணை," என்றான் வெர்டெல். குரலில் வியப்பே இல்லை.

அவள் அணைக்கவில்லை. ஈர மண் வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் முதலில் ஒரு தோள். பிறகு தலை. மயிர் இல்லாத தலை. கண்குழிகளில் மண் அடைத்திருந்தது. அது உள்ளே பார்க்கவில்லை. பார்க்க அதற்குக் கண் இல்லை.

காது கேட்குமா?

ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். அம்மா என்று சொல்ல. நான் சாகவில்லை என்று சொல்ல.

பின்னாலிருந்து வெர்டெலின் கை வந்து அவள் வாயை இறுகப் பொத்தியது.

கண்ணாடிக்கு வெளியே அது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கை சுவரைப் பற்றியிருந்தது. தாழ நீண்டிருந்த மறு கை, ஆறு வயதுக் குழந்தையின் தலை இருக்க வேண்டிய உயரத்தில், வெறும் காற்றைத் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தது.