மூன்றாம் மாடிக் கிரைண்டர்

என் இடது முழங்காலில் பொருத்தியிருக்கும் பீங்கான் மூட்டின் மேல் ஆணையாகச் சொல்வது: இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. தேதிகள் மட்டும் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம்.

மோகனசுந்தரம் தன் பனியனை நம்பவில்லை.

அறுபத்தைந்து வயது தாண்டிய எல்லோருக்கும் அரசு கொடுக்கும் பயிற்சிப் பனியன் அது. திருப்பூரில் நெய்தது. நூலோடு நூலாக ஓடும் உணரிழைகள், எந்தத் தசை சோம்புகிறது, எந்த மூட்டு முனகுகிறது என்று கண்டுபிடித்து, அந்த உடம்புக்கு முடிந்ததை மட்டும் செய்யச் சொல்லும். நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்தபடியே தோள் குலுக்கல். விழுந்துவிடுவோம் என்று நடுங்குகிறவருக்குச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்தல். நாற்காலியிலிருந்து எழ வலுவில்லாதவருக்கு முதல் வாரம் இரண்டு தலையணை போட்ட நாற்காலி, மறுவாரம் ஒரே தலையணை, அதற்கடுத்த வாரம் வெறும் பலகை. பனியன் வந்து பத்தாண்டில் கோவையில் கைத்தடி விற்ற கடைகளெல்லாம் செருப்புக் கடைகளாகிவிட்டன.

இலவசமாக வீட்டுக்குள் வருகிற பொருள் எதையோ எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறது என்பது மோகனசுந்தரத்தின் கட்சி. மின்திருட்டுத் தடுப்புப் படையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். மல்லிகைப் பந்தலுக்குள் கொக்கிக் கம்பியைக் கண்டவர். சாமி படத்துக்குப் பின்னால் இரண்டாவது சுவிட்சைக் கண்டவர். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொன்ன யாருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்ததாக அவர் அனுபவத்தில் இல்லை.

இப்போது வயது எழுபத்தேழு. வலது தோள் உறைந்து, கை காதுக்கு மேல் ஏறாது. சின்னதாக ஒரு பக்கவாதம் வந்து போனதில் இடது கால் சொன்ன பேச்சுக் கேட்காது. தனிவாழ்வுச் சான்றுக்கான முதல் தேர்வில் தோற்றுவிட்டார். தொண்ணூறு நாள் கழித்து இன்னொரு தேர்வு: உதவியில்லாமல் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும், ஐந்து முறை குந்தி எழ வேண்டும், தலைக்கு மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க வேண்டும். தவறினால் கூட்டில்லம். அங்கே காப்பி ஆறு மணிக்கு, மாத்திரை ஏழு மணிக்கு, பாதுகாப்புக் கருதி எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் இல்லாத அறையில் மோகனசுந்தரம் கண்ணை மூட மாட்டார்.

"அந்தப் பனியன் சொல்றதச் செஞ்சாத்தான் என்னப்பா?" என்று ஓசூரிலிருந்து மகள் கேட்டாள்.

"அது என்னையப் பத்தி யாருகிட்டப் போய்ச் சொல்லுதுன்னு மொதல்ல விசாரிச்சுச் சொல்லு கண்ணு. அப்புறம் செய்யறேன்."

பத்து வருடமாகப் பெட்டியில் கிடந்த பனியனை, தொண்ணூறில் முதல் நாளன்று வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டார். அது பணிவாகத்தான் ஆரம்பித்தது. "ஐயா, மெதுவா எந்திரிச்சு செவுத்தப் புடிச்சு நிக்கலாமுங்களா?"

"நின்னா?"

"காலு பலப்படுமுங்க."

"அதுல உனக்கென்ன லாபம்?"

பனியன் பேச்சை மாற்றி, தண்ணீர் குடித்தாரா என்று கேட்டது. பேச்சை மாற்றியதை அவர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பனியனைக் கழற்றி ஒரு தலையணைக்கு மாட்டி, ஊஞ்சலில் வைத்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்தித்தாள் படித்துக்கொண்டே இடது காலால் ஊஞ்சலை உந்தினார். மீட்டரை ஏமாற்றுகிற வித்தை அவருக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தியானம் பனியன், "ஆயிரத்து நூறு அசைவுங்க ஐயா! அருமைங்க!" என்றது.

மோகனசுந்தரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். ஏமாந்தவன் இவ்வளவு சீக்கிரம் பாராட்ட மாட்டானே?

ஒன்பதாம் நாள் காலை, பல் துலக்கும்போது பனியன் தானாகவே பேசியது. "மூணாம் மாடி மீட்டர் விசயமா ரெண்டு மணிக்கு..." என்று தொடங்கிச் சட்டென்று நின்றது. "மன்னிச்சுக்குங்க ஐயா. அது உங்களுக்கான சேதி இல்லீங்க."

"எந்த மீட்டர்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கவே அவர் மறந்துபோனார்.

மூன்றாம் மாடியில் குடியிருந்தவர் சுகுணா. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு ஒரு வருடமாக வெளியே தலைகாட்டவில்லை. மோகனசுந்தரம் இருந்தது முதல் மாடி. மீட்டர் பலகை தரைத்தளத்தில். லிஃப்ட் உண்டு; ஆனால் ஏறினால் "வணக்கம், மோகனசுந்தரம்" என்று ஊருக்கே கேட்கப் பெயர் சொல்லும். துப்புத் துலக்கப் போகிறவனுக்கு அது ஆகாது.

ஆகவே படி. கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு மூச்சு, திருப்பத்துக்கு ஒரு நிமிடம். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர அன்று முக்கால் மணி நேரம் பிடித்தது. பனியனைக் கழற்றிவிட்டு வர நினைத்தார்தான். கழற்றினால் அடுத்த உளறலைக் கேட்க முடியாதே என்று போட்டுக்கொண்டே போனார்.

சரியாக இரண்டு மணி. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம். கடகடவென்று, நாலு படி அரிசி போட்ட சத்தம். ஒண்டிக்கட்டைப் பெண்ணுக்கு எதற்கு நாலு படி மாவு?

அப்படியே தரைத்தளத்துக்கு இறங்கினார். சுகுணாவின் மீட்டர் மேல் வரிசையில், தலைக்கு மேலே இருந்தது. அதன் தகர மூடியைத் தூக்க வலது கையை உயர்த்தினார், தோளுக்குள் ஏதோ கிழிவதுபோல் வலித்தது, தூக்கினார். சிவப்பு விளக்கு ஃபிரிட்ஜுக்கு ஆன சோம்பல் மினுக்குதான் மினுக்கியது. கிரைண்டர் ஓடுகிற மினுக்கு இல்லை.

கிரைண்டர் ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை. முப்பத்தோரு வருட அனுபவத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஆனால் கீழே வந்து சேர்வதற்குள் கிரைண்டர் நின்றிருந்தால்? ஒரே நேரத்தில் சத்தமும் வேண்டும், மீட்டரும் வேண்டும். இருப்பதோ ஒரு ஆள். வேகமாக ஏறி இறங்குவது ஒன்றே வழி.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்குக் குடியிருப்பு முழுவதும் குட்டித் தூக்கம் போடும்போது, மோகனசுந்தரம் மேலும் கீழுமாக இருந்தார். மூன்றாம் வாரம் ஏறுவதற்கு இருபது நிமிடம். ஆறாம் வாரம் எட்டு. கதவடி இடுக்கில் ஒயர் ஓடுகிறதா என்று குந்திப் பார்த்தார். எழுந்து, திருட்டுக் கம்பி வருகிற வழியைத் தேடி ஜன்னல் மேல்திண்டைத் தடவினார். சத்தம் வராமல் இருக்கக் குதிகால் தூக்கி நடந்தார். சில நாள் உள்ளே சோபாவை இழுக்கும் சத்தம் கேட்டது. திருட்டு ஒயரை மறைக்கிறாள் என்று நோட்டில் எழுதினார். பனியன் வாயே திறக்கவில்லை. அது வாயைத் திறக்காதது அவருக்கு இன்னும் பெரிய ஆதாரமாகப் பட்டது.

எண்பத்தெட்டாம் நாள், அவர் குந்தியிருக்கும்போதே கதவு திறந்தது. சுகுணா தோசைக் கரண்டியை ஓங்கியபடி நின்றார்.

"ஏனுங், நீங்கதானா அது! ரெண்டு மாசத்துக்கு மேல சோபாவ இழுத்து இழுத்து கதவுக்கு முட்டுக் குடுக்கறேன். உங்க வயசுக்கு இது தேவையா?"

மோகனசுந்தரம் கைப்பிடி இல்லாமல் எழுந்தார். எழுந்ததை அவர் கவனிக்கவில்லை. "கரண்டிய இறக்குங்க. உங்க கிரைண்டர் எங்கிருந்து ஓடுது, அத மொதல்ல காட்டுங்க."

"எந்த கிரைண்டர்?"

"இப்ப ஓடுதே!"

சுகுணா உள்ளே போய் மேசை மேலிருந்த ஒலிப்பெட்டியின் காதைத் திருகினார். கிரைண்டர் நின்றது. "இதாக்கும் கிரைண்டர். வெளிய ஒருத்தன் நோட்டம் பாக்கறான், வூட்ல நாலு பேரு இருக்கற மாதிரி சத்தம் போடுங்கன்னு சொல்லுச்சு. அதான் ரெண்டு மணியானாப் போட்டு வுட்டுட்டு, முன்கதவுக்கும் பின்ஜன்னலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கேன். எட்டி எட்டிக் கதவு ஓட்டையில பாத்துப் பாத்துக் காலே வீங்கிப்போச்சு."

"சொல்லுச்சுன்னா? எது சொல்லுச்சு?"

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் மார்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாங்க, நாந்தானுங்க," என்றது அவருடைய பனியன். "நானுந்தானுங்க," என்றது சுகுணாவுடையது. இரண்டுக்கும் ஒரே குரல்.

"எதுக்குடா?" என்றார் மோகனசுந்தரம்.

"உங்களுக்குக் காலுல கொறை கம்மிங்க ஐயா. நம்பிக்கைலதான் கொறை ஜாஸ்தி. இருக்கற கொறைக்குத் தக்கனதானே பயிற்சி குடுக்கோணும்? தப்புன்னு பட்டா தாராளமா புகார் குடுங்க. ஆபீசு பக்கந்தானுங்க, ரெண்டு கிலோமீட்டர்."

அதற்கு இரண்டாம் நாள் தேர்வு. சோதிக்க வந்த பெண் அலுவலர் கையில் கடிகாரத்தோடு நின்றார். மோகனசுந்தரம் இரண்டு மாடி ஏறி இறங்கினார். ஐந்து முறை குந்தி எழுந்தார். டப்பாவை எடுத்தார், எடுத்ததோடு நிற்காமல் மூடியைத் திறந்து உள்ளே என்ன என்றும் பார்த்தார். அலுவலர் சான்றை நீட்டினார். கூடவே பனியன் அனுப்பிய பயிற்சி அறிக்கையும் இருந்தது.

'நாள் 3: ஊஞ்சல். இடது கால், ஆயிரத்து நூறு உந்தல். நாள் 9 முதல் 88 வரை: படி, குந்தல், கைதூக்கல், குதிகால் நடை. முறை: சந்தேகம்.'

சுகுணாவுக்கு வந்த அறிக்கையில் 'முறை: பயம்' என்று இருந்தது.

தாழ்ப்பாள் அவருக்குக் கிடைத்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அன்றைக்கே நிம்மதியாகக் கதவைச் சாத்திப் படுத்திருப்பார். மோகனசுந்தரத்துக்கு நெஞ்சு ஆறவில்லை. எழுபத்தேழு வயது மூளையை ஒரு பனியன் பிடித்து ஆட்டுவதா? மறுநாள் காலையே போய்ச் சுகுணாவின் கதவைத் தட்டினார்.

"வர்றீங்களா? நேர்ல போய் எழுதிக் குடுத்துப்போட்டு வந்துரலாம்."

"வண்டி கூப்புடட்டுங்களா?"

"வண்டி வேண்டாமுங்க. வண்டியும் பனியனும் கூட்டுச் சேந்திருந்தா?"

சுகுணாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் நடந்தார்கள். வழியில் சுகுணா நாலு தடவை நின்று பனியனைத் திட்டினார். மோகனசுந்தரம் திட்டாமல், புகாரில் எழுதப் போகும் வாசகங்களை மனதுக்குள் தீட்டிக்கொண்டே வேகமாக நடந்தார். ஒரு வருடமாக வெளியே வராதவர் வெயிலில் நடக்கிறாரே என்று இருவரில் யாருக்கும் தோன்றவில்லை.

புகார்ப் பிரிவு ஐந்தாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று ஒரு பலகை. தூசி இல்லாமல், நன்றாகத் துடைத்து, பித்தளை ஆணி அடித்து நிரந்தரமாக மாட்டிய பலகை.

மோகனசுந்தரம் அந்த ஆணிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். ஐந்து மாடிப் படியிலும் வரிசையாக ஆட்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல் வயது. எல்லோரும் பனியன் போட்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் புகார் மனு. வியர்வையோடு, சிவந்த முகத்தோடு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஏறினார்கள். மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர், "முத்திரை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டானுங்க. நாளைக்கும் வரோணும்," என்று ஆவேசமாகச் சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் போனார்.

"இப்ப ஏறறதுங்களா, இறங்கறதுங்களா?" என்று சுகுணா கேட்டார்.

ஏறினாலும் பனியனுக்குக் கணக்கு. திரும்பி வீட்டுக்கு நடந்தாலும் கணக்கு. அப்படியே நின்றுவிட்டால்? நின்றால் இன்னும் மூன்று மாதத்தில் கால் பழையபடி ஆகும்; ஒரு வருடத்தில் அடுத்த தேர்வு வரும்; தாழ்ப்பாள் போகும். ஏமாறாமல் இருக்கிற ஒரே வழி, அவரைக் கூட்டில்லத்துக்குக் கொண்டுபோகிற வழியாக இருந்தது.

மோகனசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.

மார்பிலிருந்து பனியன், யாருக்கோ சொல்வதுபோல் மெதுவாகப் பதிவு செய்தது: "நாலாம் மாசம், மொத நாள். முறை: கோவம்."

இந்த வரலாறு முழுவதையும் எனக்குச் சொன்னது நான் மாட்டியிருக்கும் பனியன்தான். தெருவுக்கு நாலு வரி வீதம் சொல்லும், நான் நடப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும்.