டாக்சி வரும்வரை

தோழியின் போன் தன் முகத்தைப் பார்த்ததும் திறந்துகொண்டதை அவள் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். தோழி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சோப்பு நுரை. போன் அடித்ததும் “யாருன்னு பாருடி” என்றாள். இவள் எடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான், பூட்டு விலகிவிட்டது.

“ஏய், உன் போன் என் மூஞ்சிக்குத் திறக்குது!”

“பழகிடுச்சு போல” என்றாள் தோழி, திரும்பாமலே.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். கல்லூரியில் இருவரும் சேர்ந்து நடந்தால் ஒட்டடைக்கம்பும் உரலும் வருது என்பார்கள். கம்பு தோழி, உரல் இவள். ஆனால் மேஜையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த தோழியின் கணவர் ஒப்புக்குக்கூடச் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும் என்று கடையில் பழத்தைப் பார்ப்பதுபோல அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வேலைக்கென்று வெளிநாடு போன தோழி அங்கேயே கல்யாணத்தையும் முடித்துக்கொண்டவள். ஒரு போட்டோகூட அனுப்பவில்லை என்று இவளுக்கு வெகுநாள் மனத்தாங்கல். வருஷா வருஷம் “வந்து பாரேன்டி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்த முறைதான் தோது வந்தது. மகள் பட்டுவை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். பட்டுவுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. பல் விழுவதற்குள் அம்மா வந்துவிடுவேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். இப்போது ஊர் சுற்றியாகிவிட்டது, வாங்குவதை வாங்கியாகிவிட்டது, நாளைக்கு விமானம். எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் கடைசி நாளில் விருந்தாளிக்குத் தன் தலையணை ஞாபகம் வந்துவிடும். அவளுக்குத் தன் மகளின் தலை வாசனை வேண்டியிருந்தது.

அந்த ஊரில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வெளிச்சம் ஒவ்வொரு கூரையாக விட்டு விலக, மாடிப்படியின் தரைவிரிப்பிலிருந்து ஈரமும் தூசியும் கலந்த வாடை எழுந்து வர, அவள் பெட்டி கட்டுவதற்காக மேலே ஏறினாள். உடம்பில் தோழியின் ஸ்வெட்டர். குளிருக்குத் துணி கொண்டுவராததால் வந்த அன்றே தோழி மாட்டிவிட்டது. அதில் தைல வாசனை குப்பென்று அடித்ததும், கை நீளத்துக்கு இரண்டு மடிப்பு மடித்துவிட வேண்டியிருந்ததும் ஞாபகம் வந்தது. இப்போது மடிக்காமலே மணிக்கட்டில் சரியாக நின்றது. துவைத்ததில் சுருங்கியிருக்கும். வாசனையும் தெரியவில்லை.

பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. திறந்தாள். உள்ளே அத்தனையும் தோழியின் துணிகள். அவளுடைய சேலைகளும் சுடிதார்களும் தோழியின் அலமாரியில், இஸ்திரி போட்டு, வரிசையாகத் தொங்கின.

பயப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயம்தான் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. கன்னம் இருக்கிறது, தன்னுடையதாக இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி அடுக்கினாள். பாதியில், யாருடையதை எங்கே வைக்கிறோம் என்பது குழம்பிப்போனது.

கீழே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அறவே பிடிக்காத ஒரு குரல். போனில் பதிவுசெய்து திரும்பக் கேட்டால் நம் குரல் நமக்கே பிடிக்காதே, அந்தக் குரல்.

“கையை வச்சு ஆட்டாதடா கண்ணு. தானா விழட்டும். அம்மா வந்து பாக்கறேன்.”

“சீக்கிரம் வாம்மா” என்றாள் பட்டு, போனுக்குள்ளிருந்து.

பாதிப் படியில் நின்று கேட்டாள். ஓடிப் போய்ப் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் மரத்திருந்தன. தோழியின் மகள் வாண்டு ஓடி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்தது.

“அம்மா, பசிக்குது.”

தோழி போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைத் திருத்தவில்லை.

“என் பொண்ணுகிட்ட நீ என்னடி பேசறே?” என்றாள் அவள்.

தோழி பக்கத்தில் வந்து, அவள் கன்னத்தை வாஞ்சையாகத் தடவினாள். “நானும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

“எங்க வந்தே?”

“இந்த வீட்டுக்குத்தான். ஒருத்தியைப் பாக்க வந்தேன். ரொம்ப வேண்டியவ.” தோழி நெற்றியைச் சுருக்கி, மெய்யாகவே யோசித்தாள். “யாருன்னுதான் ஞாபகம் வரல. உனக்கும் அப்படித்தான் ஆயிடும், கவலைப்படாத. வலிக்காது.”

வலிக்கவில்லை.

அன்றிரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைப்பையைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். பட்டு, பட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

கண் விழித்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் டீ கொதித்தது. சர்க்கரை டப்பா எங்கே என்று கை தேடவில்லை. கணவருக்கு அரை ஸ்பூன். வாண்டுவுக்குப் பால்.

கணவருக்கா? யாருடைய கணவர்?

வாசலில் ஹாரன் சத்தம்.

“டாக்சி வந்தாச்சு” என்றார் அவர். இந்த வீட்டில் அவர் இவளைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை.

தோழி படியிறங்கி வந்தாள். இவளுடைய பச்சைச் சுடிதார். இவளுடைய கைப்பை. உயரம் குறைந்திருந்தது. நடையில் உரலின் அசைவு. ஒவ்வொரு படியாக, பெட்டி இடித்துவிடாமல், பதமாக.

போகக் கூடாது. தடுக்க வேண்டும்.

பையைப் பிடி என்று கைக்குச் சொன்னாள். கை நீண்டது. அவசரமே இல்லாமல் நீண்டது. பையைத் தாண்டிப் போனது. தோழியின் தோளில் நழுவியிருந்த துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தது.

“வர்றேன்டி” என்றாள் தோழி. கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்.

கதவு திறந்தது. குளிர். பெட்டியின் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. கார்க் கதவு சாத்தும் சத்தம்.

கத்து. இப்போதாவது கத்து. அது நானில்லை என்று கத்து. குழந்தை பேரைச் சொல்லிக் கத்து. பேர் என்ன? பல் ஆடுகிற குழந்தை. தலை வாசனை. பேர்.

வாசற்படியில் நின்று, மூச்சை முழுக்க இழுத்து, வாயைத் திறந்தாள்.

“போய் இறங்கினதும் போன் பண்ணுடி!”

தெருவுக்கே கேட்டிருக்கும்.

கார் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாக ஒரு முகம் திரும்பிப் பார்த்தது. தினமும் காலையில் அவள் கழுவித் துடைத்த முகம். வட்ட முகம், மூக்குக்கண்ணாடி, பொட்டு. ஊருக்குப் போகிறவர்கள் வழியனுப்புகிறவர்களைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் பாவமாக, கொஞ்சம் நிம்மதியாக அது இவளைப் பார்த்தது.

வாண்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அவர் பின்னாலிருந்து தோளில் கை வைத்தார். அவளுடைய இன்னொரு கை தானாக உயர்ந்து, கார் தெருமுனையில் திரும்பும்வரை டாட்டா காட்டிக்கொண்டே இருந்தது.