மஞ்சள் தண்ணீர்

அன்று பெரியும்மா வீட்டு முற்றத்தில் நான்கு பேர். மர்ளியாவின் உம்மாவுக்கு அக்காவான பெரியும்மா கதிரையில். ஐந்து வயது ஹவ்வா பாயில், அவித்த முட்டையோடு. அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் நஜாத் கோழிக்கூட்டின் மேல், ராசா மாதிரி. மர்ளியா வாசற்படியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

மர்ளியாவுக்கு வயிறு எரிந்தது. அவளும் நஜாத்தும் ஒரே வகுப்பு. குஞ்சுகள் வாங்கியதும் ஒரே நாளில்தான். இப்போது அவன் கோழிகள் பூசணிக்காய் மாதிரி. அவளுடையவை எலும்பும் இறகும். வெள்ளிக்கிழமை டீச்சர் பார்க்க வருவார். யாருடைய வளர்ப்பு நல்லதோ, அவருக்குத்தான் பாடசாலையின் புதுக் கோழிக்கூட்டுப் பொறுப்பு.

"என்னதான் குடுக்கிறாய் இதுகளுக்கு?"

"ரகசியம்."

"தினமும் தண்ணியில ஒரு தூள் கலக்கிறான் புள்ள. தண்ணி மஞ்சளாப் போகும்," என்றார் பெரியும்மா.

"உம்மா!" நஜாத் குதித்து இறங்கினான். "சத்துத் தூள். கடையில தந்தாங்க. ஒனக்கும் ஒரு கரண்டி வேணுமா? ஒன்ட கோழிகள் காத்தடிச்சாப் பறந்துரும், பாவம்."

அவன் காட்டிய தூள் பக்கற்றை மர்ளியா பறித்தாள். அதில் தமிழே இல்லை, எல்லாம் சிங்களம். நஜாத் சிங்களம் நன்றாகப் பேசுவான்; வாசிக்க மாட்டான். மர்ளியா எழுத்துக்கூட்டினாள். 'பெஹெத்' என்று இருந்தது. பெஹெத் என்றால் மருந்து!

அவள் மனம் துள்ளியது. வெள்ளிக்கிழமை டீச்சர் முன்னால் இதை வாசித்தால் போதும். கூடு அவளுக்குத்தான்!

அடுத்த வரியையும் வாசித்தாள். உடனே நிமிர்ந்தாள்.

"ஹவ்வா, கடிக்காத!"

ஹவ்வா திறந்த வாயோடு அப்படியே இருந்தாள்.

"இது அன்டிபயோட்டிக் மருந்து. மிருக வைத்தியர் சொன்னா, நோய் வந்த கோழிக்கு மட்டும் குடுக்கணுமாம். குடுக்கிற நாள்ல அந்தக் கோழிட முட்டை சாப்பிடக்கூடாதாம்."

"பொறாமையில சொல்றாய்!"

"ஓம், பொறாமதான். பக்கற்றுக்கு என்ன பொறாம?"

நஜாத் பக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சும்மா சும்மா மருந்து குடுத்தாக் கிருமி அதுக்குப் பழகிரும். பொறகு மெய்யாவே நோய் வந்தா மருந்து கேக்காது. பாடத்துல படிச்சமே?"

"அண்டைக்கு நான் தூங்கிட்டன்."

முட்டை போன துக்கத்தில் ஹவ்வா அழத் தொடங்கினாள். மர்ளியா வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் கோழியின் முட்டையை அவித்துக் கொண்டுவந்தாள்.

"சின்னது," என்றாள் ஹவ்வா.

"தெரியும்," என்று பல்லைக் கடித்தாள் மர்ளியா.

"டீச்சர்கிட்ட சொல்லுவியா?" நஜாத்தின் குரல் இறங்கியிருந்தது.

"நீயே சொல்லு. முதல்ல மிருக வைத்தியருக்கு எழுது."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தூளை இப்போதே நிறுத்தலாமா? எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது? அவன் கையெழுத்து அச்சடித்தது போல் இருந்தது. அதற்கும் அவளுக்குப் பொறாமை வந்தது.

கடைசியில் அவன் தன் பெயரை எழுதினான். சற்று யோசித்துவிட்டு, அதற்கு மேலே, "கண்டுபிடித்தவர்: மர்ளியா" என்று பெரிதாக எழுதினான்.

மர்ளியா அதை இரண்டு தரம் வாசித்தாள். கடிதத்தை உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினாள். முந்தல் ஊர்த் தபாற்பெட்டிவரை நஜாத்தின் கையில் கொடுக்காமல், தானே கொண்டுபோய்ப் போட்டாள்.