ரவென்னா பயணமும் காணாமல் போகாத காகிதமும்

"மறுபடியும் காணோம், எர்மெஸ்! மறுபடியும்!"

டெல்ஃபினா குடையைக்கூட மடக்காமல் எர்மெஸின் வீட்டுக்குள் நுழைந்தார். எர்மெஸ் பாபினி காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த மனிதர். திருட்டுப் பயணி அழுதாலும் கத்தினாலும் அசராமல் நின்றவர். இந்தக் கூச்சலுக்கா அசரப்போகிறார்?

"முதல்ல உக்காரு."

"உக்கார ஏது நேரம்? ஆறு மணிக்குள்ள ஸ்டேஷன்ல பட்டியல் குடுக்கணும். இல்லேன்னா குழு டிக்கெட் கெடையாது. இயோலாண்டாகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பேசுவேன்?"

இத்தாலியின் இமோலா ஊர் முதியோர் மன்றத்தின் நடனக் கூடத்தை முப்பது வருடம் கட்டி ஆண்டவர் இயோலாண்டா. இடுப்பெலும்பு முறிந்த பிறகு ரவென்னாவில் மகள் வீட்டோடு போய்விட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எண்பது நிறைகிறது. மன்றத்திலிருந்து பன்னிரண்டு பேரை ரயிலில் அழைத்து வருவதாக டெல்ஃபினா வாக்குக் கொடுத்திருந்தார். பயணத் திட்டத்தை எழுதி மன்றத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, வருகிறவர்கள் அதன் கீழே பெயர் எழுதுவது, அவ்வளவுதான் வேலை. அந்தச் சின்ன வேலைதான் பத்து நாளாக அவருடைய உயிரை வாங்கியது.

"தபாலாபீசுல நாப்பது வருஷம் இருந்தேன். என் கையால ஒரு கடுதாசி தொலைஞ்சதில்ல. இங்க பலகையில குத்தின ஒரு காயிதத்தைக் காப்பாத்த முடியல. அழுகையா வருது, எர்மெஸ்."

"மொத்தம் எத்தனை காயிதம் ஒட்டின?"

"மூணு. முதல்ல ஒம்பதரை வண்டி. நடுவுல ஜங்ஷன்ல எறங்கி வேற வண்டி மாறணும். ஏழு நிமிஷம் இருக்கு. மறுநாளே காணோம். ரெண்டாவது ஆறரை வண்டி. ஞாயித்துக்கெழமை காலைல நேராப் போறது அது ஒண்ணுதான். அதுக்கு எல்லாரும் என்னைத் திட்டின திட்டு! ரெண்டு நாள் பொறுத்தேன், அப்புறம் நானே கிழிச்சுப் போட்டேன். மூணாவது பத்தரை வண்டி. அதுலயும் அதே ஜங்ஷன், அதே ஏழு நிமிஷம். நேத்து சாயந்தரம் ஒட்டினேன். இன்னிக்குப் பலகை மொட்டையா நிக்குது. திரும்பி வர மட்டும் நேர் வண்டி இருக்கு, அதுல வில்லங்கம் இல்ல."

"ரெண்டாவதை யாரும் தொடலையா?"

"அந்தச் சனியனை யாரு தொடுவா? ஒண்ணு நோர்மா, இல்லேன்னா கடைக்கார ஒரெஸ்தே. ரெண்டு பேருக்கும் இந்தப் பயணமே வேப்பங்காய். வா, போய்க் கையும் களவுமாப் பிடிக்கலாம்!"

எர்மெஸ் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். டெல்ஃபினாவுக்கு அதுவே பெரிய எரிச்சல்.

மன்றத்தின் காப்பி மேடைக்குப் பின்னால் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த ஒரெஸ்தே, இவர்களைப் பார்த்ததுமே சிடுசிடுத்தார். "எந்த வண்டியில போனா என்ன? ஞாயித்துக்கெழமை எனக்கு ஈ ஓட்டற பொழப்புதான். அதுக்காகக் காயிதம் திருடுவேனா?"

சீட்டு மேசையில் இருந்த நோர்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒம்பது மணிக்கு முன்னாடி எந்திரிச்சா அன்னிக்கு முழுக்க எனக்குப் பைத்தியம் பிடிக்கும். மத்தபடி எந்த வண்டின்னாலும் வருவேன்."

அவருக்கு எதிரே, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, நின்றுகொண்டே சீட்டாடினார் ப்ரிமோ தம்பியேரி. எண்ணெய் தடவி வாரிய தலை, கழுத்தில் பட்டுக் கைக்குட்டை. அந்தக் காலத்தில் இயோலாண்டாவின் நடன ஜோடி. "ஆறரை வண்டிக்கு என்ன கேடு? நான் அப்பவே தயார்னேன். இதுங்கதான் சோம்பேறிக் கூட்டம்!"

"உக்காந்து ஆடேன், ப்ரிமோ," என்றார் எர்மெஸ்.

"ஆட்டக்காரன் உக்காந்தாத் துருப்பிடிச்சிருவான்டா!"

"சரி, மாடிக்கு வா. ஒரு ஆட்டம் பில்லியர்ட்ஸ் போடலாம்."

"மேல இருக்கற கோலெல்லாம் வளைஞ்சு கெடக்கு. ஈஸ்டர்லேர்ந்து நான் அதைத் தொடறதில்ல."

"யோவ்!" என்று கோப்பையை டக்கென்று வைத்தார் ஒரெஸ்தே. "புதுக் கோல் வாங்கிப் போட்டு நாலு மாசமாச்சு!"

ப்ரிமோ சீட்டைப் பார்த்தார். எர்மெஸ் மொட்டைப் பலகையைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் மேசைக்கு அழைத்தார். மணி ஐந்தாகியிருந்தது.

"திருடினவன் எதை எடுத்தான்னு டெல்ஃபினா யோசிக்கறா. எதை எடுக்காம விட்டான்னு நான் யோசிக்கறேன். ஒரெஸ்தேக்கு எந்த வண்டியா இருந்தாலும் நஷ்டம். அவன்னா மூணையும் எடுத்திருப்பான். நோர்மான்னா முதல் வேலையா ஆறரை வண்டியைத்தான் கிழிச்சிருப்பா. ஆனா அது ரெண்டு நாள் பலகையில பத்திரமா இருந்துது."

"அதனால?" என்றார் டெல்ஃபினா. அவருக்குப் பொறுக்கவில்லை.

"அதனால, நம்ம ஆளுக்கு விடியக்காலைல எந்திரிக்கறது கஷ்டமில்ல. ரவென்னா போறதும் கசக்கல. ஜங்ஷன்ல வண்டி மாறறதுதான் ஆகாது. அந்த ஜங்ஷன் எனக்கு மனப்பாடம். சுரங்கப் பாதைக்கு இருபத்திரண்டு படி எறங்கணும், மறுபடி இருபத்திரண்டு படி ஏறணும். ஏழே நிமிஷம். பன்னெண்டு பேர் பாத்துட்டு நிப்பாங்க." எர்மெஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு மேல நான் சொல்லப்போறதில்ல. ஆறரை வண்டிக்கே டிக்கெட் எடுப்போம்."

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் டெல்ஃபினாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மாடிப்படி, புதுக் கோல், உட்காராமல் ஆடும் சீட்டு. வாய் முந்திக்கொண்டது.

"ப்ரிமோ! நீ உக்காந்தா உன்னால எந்திரிக்க முடியாது!"

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது டெல்ஃபினாவுக்கு.

ப்ரிமோ சீட்டுகளை மேசையில் வீசினார். "ஆமா! முட்டி போச்சு! ரெண்டும் போச்சு! டாக்டர் குடுத்த தடி வீட்டுல கதவுக்குப் பின்னாடி கெடக்கு. போதுமா? எல்லாருக்கும் குளுகுளுன்னு இருக்கா?" இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றிக்கொண்டார். "முப்பது வருஷம் அவகூட ஆடினேன். படியில நான் நாலு கால்ல ஏறறதை நீங்க பாப்பீங்க, கேக் வெட்றதுக்குள்ள அவ காதுல போட்டுருவீங்க. அதுக்குக் காயிதம் திருடறதே மேல்னு பட்டுது."

நோர்மா முதன்முறையாக நிமிர்ந்தார். "மடையா, சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? பத்து நாளா இவ கத்தலைக் கேட்டுக் கேட்டு என் காதே போச்சு." டெல்ஃபினாவின் பேனாவைப் பிடுங்கி வெற்றுத் தாளில் 'ஆறரை வண்டி' என்று எழுதி, கீழே தன் பெயரை எழுதினார். "அன்னிக்கு யாரும் எங்கிட்டப் பேசாதீங்க, சொல்லிட்டேன்."

தாள் கைமாறியது. ப்ரிமோ மட்டும் பேனாவைத் தொடவில்லை. ரவென்னாவில் இறங்கினாலும் தடியோடுதானே இறங்க வேண்டும்?

டெல்ஃபினா தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மணி ஐந்தரை. "இயோலாண்டா, ப்ரிமோ உங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்," என்று சொல்லிவிட்டு அதை அவர் கையில் திணித்தார். ப்ரிமோ முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்.

"நான்தான்," என்றார் ப்ரிமோ. கழுத்துக் கைக்குட்டையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு ஒரே மூச்சில், "எனக்கு முட்டி போச்சு. தடியில்லாம நடக்க முடியாது. ஆட வருவேன்னு நெனச்சுக் காத்திருக்காதே."

காது மந்தமானவர்களுக்காகச் சத்தம் கூட்டி வைத்திருந்த தொலைபேசி அது. இயோலாண்டாவின் குரல் கூடம் முழுவதும் கேட்டது.

"முப்பது வருஷம் என் காலை மிதிச்சியே, ஒரு நாளாவது நான் மூச்சு விட்டிருப்பேனா? இப்ப முட்டி வலின்னு எங்கிட்ட அழறியா?" சற்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "தடியை மறக்காம எடுத்துட்டு வா, ப்ரிமோ. எந்திரிச்சு நிக்க எனக்கும் பிடிச்சுக்க ஏதாவது வேணும்."