குடித்துக் காட்டிய டாக்டர்

போன் அலறியது!

சைக்காலஜிஸ்ட் எடுக்கவில்லை. சிகிச்சை நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். படித்ததை மீறி அவளுக்குப் பழக்கமில்லை.

பதற்றத்தைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். லிப்டுக்குப் பயந்தவனோடு லிப்டில் ஏறியவள். கரப்பான்பூச்சிக்குப் பயந்தவளுக்காகத் தன் கையில் அதை ஊர விட்டவள். 'நோயாளிக்கு முதலில் நீ செய்து காட்டு' என்று போதித்த பேராசிரியர்கூட அன்று தள்ளித்தான் நின்றார்!

எதிரே அச்சக முதலாளி. மேஜையில் ஒரு காபி ஃபிளாஸ்க். அதைக் கொடுத்தனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்த மனைவி வெளியே காத்திருந்தாள்.

"டாக்டர்... அவ காபில விஷம் கலக்கறா. சத்தியமா!"

"மூணு மாசமா இதே பல்லவி! செத்தீங்களா?"

"குடிச்சாத்தானே சாக!"

"அதான் வியாதியே! மோந்து பாக்கறது, கீழ கொட்டறது... இந்தத் தப்பிக்கிற வேலையெல்லாம் பயத்துக்குத் தீனி. நிறுத்தச் சொன்னேனே, நிறுத்தினீங்களா?"

அவர் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

"ம்..."

"இப்ப பயம் நூத்துக்கு எவ்வளவு?"

"இருபது."

"சபாஷ்! போன வாரம் தொண்ணூறு!"

"டாக்டர், நான் ஒண்ணு..."

"பேசக் கூடாது! பாருங்க, முதல்ல நான் குடிக்கறேன்."

போன் மறுபடி அலறியது. கண்டுகொள்ளாமல் ஃபிளாஸ்க்கிலிருந்து கோப்பையில் ஊற்றி, பாதியைக் காலி செய்தாள்.

கதவு படாரென்று திறந்தது. வரவேற்பறைப் பெண்!

"டாக்டர், இன்ஸ்பெக்டர் லைன்ல! அவசரமாம்!"

வேண்டாவெறுப்பாக எடுத்தாள்.

"எத்தனை தடவைம்மா கூப்பிடறது! உங்க அச்சகக்காரர் வீட்டுக் காபியை எங்ககிட்ட கொடுத்திருந்தார். லேப் ரிப்போர்ட் வந்தாச்சு. விஷம்! அவர் கொண்டுவர்ற ஃபிளாஸ்க்கைத் தொட்டுடாதீங்க!"

"தொடலை சார்... குடிச்சிட்டேன்!"

போன் நழுவியது. நெஞ்சு படபடத்தது. கை வியர்த்தது. மூச்சு முட்டியது. இதெல்லாம் வெறும் பதற்றம், ஆளைக் கொல்லாது என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள்தான். இப்போது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அவளுக்குச் சாகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"ஐயோ! ஆம்புலன்ஸ்...!"

முதலாளி பதறாமல் பக்கத்தில் வந்தார்.

"மூச்சை மெதுவா விடுங்க டாக்டர். நூத்துக்கு எவ்வளவு?"

"நூத்தம்பது! யோவ், நான் சாகறேன்யா!"

"சாக மாட்டீங்க. ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது..."

"சொல்லித் தொலை!"

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"அவ போட்ட காபி இதுல இருக்கு, போலீசுக்கு. நீங்க குடிச்சது முக்குக் கடைக் காபி. வழியில மாத்திட்டேன். தப்பிக்கிற வேலை கூடாதுன்னு சொன்னீங்க... மனசு கேக்கலை."

அவள் நாற்காலியில் சரிந்து விசும்பி அழுதாள்.

வாசலில் ஜீப். விலங்கோடு போன மனைவி கதவருகே நின்று டாக்டரை முறைத்தாள்.

"மாசாமாசம் உங்களுக்கு பீஸ் கட்டினதே, இவரை எப்படியாவது குடிக்க வைப்பீங்கன்னுதான்! அதுகூட முடியலை. நீங்கல்லாம் ஒரு டாக்டர்!"

ஜீப் கிளம்பியது.

வரவேற்பறைப் பெண் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

டாக்டர் வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்தாள். அப்படியே பூந்தொட்டியில் கொட்டினாள்.

அச்சக முதலாளி கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"அதான் வியாதியே, டாக்டர்!"