நாலு வாரமாகச் சாப்பிடாத குட்டி

"நாலு வாரமாவா?"

இனேஸ் கத்தியே விட்டாள். கையிலிருந்த நோட்டு மணலில் விழுந்தது.

"மெதுவா பேசு" என்றாள் அம்மா லீடியா. "ஆமா. இந்தக் குட்டி ஒரு வாய்கூடச் சாப்பிடலை."

கயிற்று வேலிக்கு அந்தப் பக்கம் யானைச் சீல் என்ற பெரிய கடல் விலங்கின் குட்டி ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றோரம் தலைமுடிச் சாயத்தால் 27 என்று எழுதியிருந்தது. கலிஃபோர்னியாவின் அந்தக் கடற்கரையில் குட்டிகளின் ரத்தத்தை எடுத்து ஆராய்வதுதான் அம்மாவின் வேலை. எடைகளைக் குறித்துக் கொடுக்க, பத்து வயது இனேஸ் அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

"அதோட அம்மா எங்கே?"

"ஒரு மாசம் பால் கொடுத்தா. அப்புறம் கடலுக்குப் போயிட்டா. இனி வரமாட்டா."

"விட்டுட்டா? அப்படியே?" இனேஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் சும்மா பார்த்துட்டு இருக்கீங்களா? செத்துடாதா?"

"நோட்டைப் பாரு. நாலு வாரத்துக்கு முன்னாடி எவ்வளவு?"

"நூத்தி நாப்பது கிலோ. இப்ப நூத்திப் பன்னிரண்டு."

"குறைஞ்ச அந்த இருபத்தெட்டு கிலோதான் அதோட சாப்பாடு. பால் குடிச்சப்ப சேர்த்த கொழுப்பு. வளர்ச்சி ஹார்மோன்னு ஒண்ணு ரத்தத்துல இருக்கு. பட்டினி கிடக்கிறப்ப கொழுப்பைக் கரைக்கச் சொல்றதுல அதுக்குப் பங்கு இருக்கு. தசையைக் காப்பாத்தவும் உதவுது."

"வளர்ச்சி ஹார்மோனா? அது நம்மள உயரமாக்குறது இல்லையா?"

"அந்த வேலையும் பார்க்குது. இந்தக் குட்டிகிட்ட இன்னும் என்னென்ன செய்யுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

அம்மா ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களை வண்டியில் வைக்கப் போனாள். இனேஸ் திகைப்பு மாறாமல் நின்றாள். காலையில் அரை மணி நேரம் தாமதமாக ரொட்டி வந்ததற்கே அவள் வீட்டை இரண்டாக்கியிருந்தாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

ஏழு வயதுப் பையன் ஒருவன் கயிற்றுக்கு அடியில் புகுந்து குட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். கையில் பாதி மீன் சாண்ட்விச். குட்டிக்குப் பின்னால், மணல் மேட்டில், கார் அளவுக்கு ஓர் ஆண் சீல் தூங்கிக்கொண்டிருந்தது.

"வெண்டெல்!" அவனுடைய அப்பா ஓடி வந்தார்.

இனேஸ் சட்டென்று கையை நீட்டி அவரைத் தடுத்தாள். "ஓடாதீங்க, கத்தாதீங்க! பெரிசு எழுந்துடும்" என்று கிசுகிசுத்தாள்.

மணல் மேட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது. பெரியது ஒரு கண்ணைத் திறந்தது.

இந்தப் பையனை எப்படித் திரும்ப வைப்பது? 'போகாதே' என்றால் கேட்பானா? அழுதுகொண்டே போகிறானே!

அவள் மெல்லக் கயிற்றருகே உட்கார்ந்தாள். "வெண்டெல்" என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். "எனக்கு ரொம்பப் பசிக்குது. அதை எனக்குத் தர்றியா?"

பையன் திரும்பினான். "அது பாவம். அதுக்குத்தான் பசிக்குது. அதோட அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்களாம். நீங்க பேசினதைக் கேட்டேன்."

"எனக்கும் இப்பத்தான் தெரியும். நானும் அழுதேன். இங்க வா, இன்னொண்ணு சொல்றேன். மெதுவா நடந்து வா."

அவன் குட்டியைப் பார்த்தான். சாண்ட்விச்சைப் பார்த்தான். பிறகு ஓர் அடி, இன்னோர் அடி என்று நடந்து வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நுழைந்தான். அவனுடைய அப்பா அவனை வாரி அணைத்துக்கொண்டார். பெரியது கண்ணை மூடிக்கொண்டது.

"இந்தா" என்று வெண்டெல் நீட்டினான்.

பசி என்று சொல்லியாயிற்றே! இனேஸ் ஒரு கடி கடித்தாள். வெயிலில் வெதுவெதுப்பாகிப்போன மீன். முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

"அதுக்குச் சாப்பாடு உள்ளேயே இருக்கு. பால் குடிச்சுச் சேர்த்த கொழுப்பு. வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து அதை எடுத்துக் கொடுக்குது. குட்டி இப்பவும் நூத்திப் பன்னிரண்டு கிலோ எடை இருக்கு."

வெண்டெலின் வாய் பிளந்தது. "எங்கப்பாவைவிட கனமா?"

"உங்கப்பாவும் நீயும் சேர்ந்தாக்கூட அதுதான் கனம்."

அப்பா தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"எனக்குள்ளேயும் அந்த ஹார்மோன் இருக்கா?"

"இருக்கு. ஆனா உன்கிட்ட அவ்வளவு கொழுப்பு எங்கே இருக்கு? நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டே ஆகணும்."

வெண்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். பிறகு கையை நீட்டினான்.

"அப்ப மிச்சத்தைத் திருப்பிக் குடு."